விசாரணைக்கு முன் மன்னிப்பு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் உயர்தர நியாயஸ்தலம் 1974-ம் வருஷம் ஜூலை 24-ந் தேதி செய்த தீர்ப்பு சட்டமறிந்தோர் நெஞ்சில் நிலைத்திருப்பது. 1972-ல் எதிர்க்கட்சியின் வாட்டர்கேட் காரியாலயத்தில் நடந்த கன்னக்களவை மறைத்த வழக்கில், தம் அந்தரங்கச் சம்பாஷணைகள் பதிந்த நாடாக்களைப் பிரஸிடெண்டு நிக்ஸன் ஒப்புவித்தே தீரவேண்டுமென்று எட்டு நீதிபதிகளும் ஏகமனதாய்க் கூறினர். தீர்ப்பை எழுதிய பிரதம நீதிபதி பர்கர், நிக்ஸனே நியமித்தவர்! ஆகஸ்டு 9-ந் தேதி நிக்ஸன் பதவி துறந்தார்.

இவ்வளவும் நன்றே. ஆனால் செப்டம்பர் 8-ந் தேதி, புதிய பிரஸிடெண்டு போர்டு, நிக்ஸன் பதவிக் காலத்தில் செய்த, செய்திருக்கக்கூடிய குற்றங்கள் யாவற்றிற்கும் பூரண மன்னிப்பு அளித்துவிட்டார். குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை, மன்னிப்பு மாத்திரம் உண்டு! தேசத்தின் புண் ஆறவேண்டுமென்பது போர்டு சொன்ன சமாதானம். அவர் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆயினும், நிக்ஸனின் அட்டர்னி ஜெனரலாயிருந்த மிச்சல் பின்னர் சிறை புகுந்தார், எஜமானரோ வீட்டிலிருந்தார். ஒரே சட்டத்திற்கு இரண்டு முகங்களா?

அவ்வருஷம் சாமான்களின் விலை நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏறி ஜனங்கள் தவித்தனர். 1976-ம் வருஷத் தேர்தலில், பொய் சொல்லேன் என்று முன்வந்த கார்ட்டரையே தேர்ந்தெடுத்தனர். மன்னிப்பளித்த போர்டு, உதவிப் பிரஸிடெண்டு பதவிக்குக்கூட ஜனங்களின் வோட்டால் வந்தவரல்லர்.