புரோகிதருக்கு ஓர் இலத்தீன் உறவு

சென்ற மாதம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே பேருந்துக்குக் காத்துநின்றபோது என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். கைக்கு வந்த ஆசிரியர் நியமனத்தை விட்டுவிட்டு, அம்பிட்டியிலுள்ள தேசிய குருமடத்திற் சேரப்போகிறானாம். தாயாருக்கு அதில் மனவருத்தம். "ஐயா, இலத்தீனிலும் குரு என்றால் ஆசிரியர்தானா?" என்று கேட்டான்.

அம்பிட்டிக்கும் இலத்தீனுக்கும் பழைய உறவுண்டு. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் காலத்தில், 1893இல், இந்தியாவுக்கும் இலங்கைக்குமாக அங்கே எழுந்த குருமடத்தில் பாடமொழியே இலத்தீன். 1955இல் அது பூனாவுக்குப் பெயர்ந்தது. அங்கு பயின்ற முதியவரொருவரிடம் இளமையில் நானும் சிறிது இலத்தீன் கற்றேன். அவர் முதலிற் சொல்லித்தந்த பெயர்ச்சொற்களுள் ஒன்று 'சாச்செர்தோஸ்'.

குரு என்று நாம் பெயர்க்கும் சொல் அதுவே. வேற்றுமையேற்றால் 'சாச்செர்தோத்திஸ்' என்றாகி, எழுவாயில் மறைந்துநின்ற தகரம் வெளிப்படும். 'மரம்', 'மரத்தை' என்று படித்த நமக்கு இது புதுமையன்று. ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் அது பொது. பண்டை ரோமாபுரியில் வெஸ்தா தேவியின் கன்னியரும் சாச்செர்தோஸே. 'சாச்செர்' என்பது புனிதம். பலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய 'சாக்ரிஃபைஸ்' பிறந்ததும் அதிலிருந்தே. ஈற்றிலுள்ள 'தோஸ்', வைத்தல், செய்தல் என்னும் பொருளுடைய பழைய வேரின் வழிவந்தது. வடமொழியில் அவ்வேர் 'தா' என நின்று, 'ஹித' என்று திரிந்து, புரோகிதரில் வந்து அமர்ந்திருக்கிறது! புரோகிதர் முன்னே வைக்கப்பட்டவர். சாச்செர்தோஸ் புனிதத்தைச் செய்பவர். (ஆங்கிலத்துப் 'பிரீஸ்ட்' வேறு குடும்பம், அது மூப்பர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் சிதைவு.)

ஆகவே இலத்தீன் சொல்லிற் கற்பித்தல் என்ற பொருள் துளியும் இல்லை. தமிழரோ, கத்தோலிக்கர் 'குரு' என்றனர். புரட்டஸ்தாந்தரின் விவிலியம் 'ஆசாரியன்' என்றது. சைவர் 'குருக்கள்' என்கிறோம். மூன்றும் ஆசிரியரைக் குறிக்கும் சொற்களே. சிங்கள அயலவர் 'பூஜக' என்று செயலையே பெயராக்கினர். நம் தெரிவில் ஓர் இழப்புண்டு. பீடத்தில் நிகழும் செயல் பெயரிலிருந்து நழுவிவிட்டது. எனினும் கற்பிக்காதவரைக் குருவென்று அழைக்க நம் நாவுக்குக் கூச்சம் போலும். ஆசிரியனாகிய நான் அதிற் சிறிது பெருமைப்படாமலும் இல்லை.

பேருந்து வந்துவிட்டது. "அப்படியானால் இரண்டும் ஒரே உத்தியோகந்தான் என்று அம்மாவிடம் சொல்லலாமா, ஐயா?" என்றான்.

"தமிழிற் சொல்லு, தம்பி," என்றேன்.