குளிர் மலையில் ஒரு வெப்பக் கணக்கு

மலைநாட்டுக் குளிரின் தன்மையை இக்கட்டுரையைப் படிப்போர் பலரும் அறிவர். 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசு; கொழும்பிலோ அது 27 பாகை. தை, மாசி இரவுகளிற் சில வேளைகளில் தேயிலைக் கொழுந்தின்மீது உறைபனியும் படிகின்றது. தோட்டத் துரைமாரின் பங்களாக்களிற் கணப்படுப்புகள் அமைந்தன. தொழிலாளரின் லயன் அறைகளுக்கோ தகரக் கூரையே கிடைத்தது. ஹட்டனை அடுத்த நோர்வூட்டில், இந்திய உதவியுடன் மேலும் 10,000 வீடுகள் கட்டப்படும் என 2017 இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய வீடுகளிற் கைக்குழந்தையும் முதியோரும் குளிரின்றி உறங்க வழி யாது என ஆராய்வது நம் கடனாகும்.

இன்று இதனைக் கட்டுமுன்னரே கணினியிற் கணித்தறியலாம். சுவர், கூரை, காற்று, காலநிலை ஆகியவற்றைக் கொடுத்தால், அறையின் வெப்பநிலையை மணிதோறும் கணித்துக் கூறும் செய்நிரல்கள் உள்ளன. 2001 இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட எனர்ஜிபிளஸ் அவற்றுள் ஒன்று. வெப்பப் பம்பி என்பது குளிர்ந்த வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டினுள் ஏற்றும் பொறி. இக்கருத்தைக் கெல்வின் பெருமகனார் 1852 இல் வெளியிட்டார்; சூரிச் நகர மண்டபம் 1938 இல் ஆற்றுநீரின் வெப்பத்தை இவ்வாறு பயன்படுத்தலாயிற்று. பம்பி சூடாக்கும் நீர், இரேடியேற்றர் எனப்படும் இரும்புத் தகட்டினூடாக ஓடி அறையைச் சூடாக்கும்.

இவ்வமைப்பைக் கணினியில் அமைத்தபின், அறை 20 பாகையை எட்டாது 14 இலேயே நிற்பதாக விடை வருகின்றது எனக் கொள்வோம். பம்பியைப் பெரிதாக்கிப் பார்ப்பதே பலரும் செய்வது. அது பிழையான வழி. முதலிற் பம்பி என்ன செய்கின்றது என நோக்குதல் வேண்டும். அறை குளிராயிருக்கவும் பம்பி அடிக்கடி நின்றுவிடுமாயின், நீரிலுள்ள வெப்பம் அறைக்குள் இறங்கவில்லை, குறை இரேடியேற்றரிடத்தே. பம்பி ஓயாது உழைத்தும் நீர் சூடேறவில்லையாயின், பம்பி சிறிது, அல்லது வீடு வெப்பத்தை மிகுதியாக இழக்கின்றது.

முதல் வகைக் குறையின் காரணம் எளிது. இரேடியேற்றரின் மீது 1,000 உவாற்று என எழுதியிருப்பது, நீர் 75 பாகையிற் புகுந்து 65 பாகையில் வெளியேறும்போது, 20 பாகை அறைக்குத் தரும் அளவாகும். வெப்பப் பம்பி 45 பாகை நீரை அனுப்பி 35 பாகையில் மீளப்பெறுமாயின், அதே தகடு ஏறத்தாழ 300 உவாற்றே தரும். நீரை மேலும் சூடாக்கலாமெனின், பம்பி உண்ணும் மின்சாரம் கூடும். ஆதலாற் பெரிய தகடே தக்கது.

இரண்டாம் வகைக்கு ஒரு லயன் அறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 12 அடி நீளம், 10 அடி அகலம், ஒன்பது அடி உயரம் கொண்ட அறை. வெளியே 10 பாகை, உள்ளே வேண்டுவது 20 பாகை. தகரக் கூரை சதுர மீற்றருக்குப் பாகையொன்றுக்கு ஏறத்தாழ 7 உவாற்றை இழக்கும். 11 சதுர மீற்றர்க் கூரை வழியே மட்டும் 770 உவாற்று வெளியேறும். கூரைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்துகளால் அறைக்காற்று மணிக்கு ஐந்து முறை மாறுமாயின், மேலும் ஏறத்தாழ 480 உவாற்று போகும். சுவரின் இழப்பு இவற்றுக்குப் புறம்பு. கூரையின் கீழ் உட்கூரை அடித்துச் சந்துகளை அளவாக அடைத்தால், இவ்விரு இழப்புகளும் பாதிக்கும் கீழே இறங்கும். அடுப்புப் புகை வெளியேறும் வழியை மட்டும் ஒருபோதும் அடைத்தலாகாது.

இன்னுமொன்று: கொழும்பின் காலநிலைத் தரவைக் கொடுத்துவிட்டால், நுவரெலியா வீட்டுக்குச் சூடே வேண்டாவெனக் கணினி கூறும். அது கூறியது தான் பெற்ற தரவுக்குச் சரியான விடையே.

எனவே காலநிலை, கூரை, காற்று, தகடு, பம்பி என்னும் வரிசையில் வெப்பத்தைப் பின்தொடர்க. வந்த வெப்பமும் போன வெப்பமும் சமன்படும்வரை விடையை நம்பற்க. அவ்வாறு பின்தொடர்வோர், மலைநாட்டு ஏழை வீட்டுக்கு முதலில் வேண்டுவது விலையுயர்ந்த பொறியன்று, ஒரு நல்ல உட்கூரையே எனக் காண்பர்.