குழந்தைக்கு ஜுர வலிப்பு கண்டால்

காஞ்சிபுரத்துக்குக் கோயில்களைக் காணவும் பட்டு வாங்கவும் வருகிறவர்கள் அநேகர். அவர்களில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளை எட்டிப் பார்க்கிறவர்கள் மிகச் சிலரே. பார்த்தால், வீட்டுக்குள்ளேயே தறிக்குழி இருப்பதை இன்றும் பல வீடுகளில் காணலாம். தகப்பனார் தறியில் அமர்ந்திருப்பார். தாயார் தார் சுற்றுவார். அருகே தூளியில் குழந்தை உறங்கும். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை நெய்ய இருவர் கை வேண்டும். நெய்து முடித்த சேலைக்குத்தான் கூலி. ஆகவே அத்தகைய வீட்டில் குழந்தைக்கு உடம்பு சுட்டால் தறியும் நின்றுவிடுகிறது. 'மாலை வரை பார்ப்போம்' என்று தள்ளிப் போடுவதற்கும், திடீரென்று பதறி ஓடுவதற்கும் காரணம் அதுவே.

இந்தப் பதற்றம் உச்சத்தை அடைவது குழந்தைக்கு வலிப்புக் காணும்போது. கண்கள் மேலே செருகுகின்றன, பற்கள் கிட்டுகின்றன, கையும் காலும் விறைத்து வெட்டி வெட்டி இழுக்கின்றன, கூப்பிட்டால் பதில் இல்லை. 'ஜன்னி கண்டுவிட்டது' என்று வீடே அலறுகிறது. பெற்றவர்களுக்குக் குழந்தையின் உயிரே போய்விட்டதுபோல் தோன்றுகிறது. அந்த அச்சத்தை நாம் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும் உண்மை அவ்வளவு பயங்கரமானதன்று என்பதைத் தாய்மார்கள் அறிந்திருப்பது அவசியம்.

ஜுர வலிப்பு புதிய வியாதியன்று. பண்டைய கிரேக்க வைத்தியர் ஹிப்பாக்ரடீஸின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே இதைப் பற்றிய குறிப்பு உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கே இது பெரும்பாலும் வருகிறது. நூறு குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு இது காண்பதாக வைத்திய நூல்கள் கூறும். ஜப்பானில் இன்னும் அதிகம். வளரும் மூளை திடீர் ஜுரத்தைத் தாங்காமல் சிறிது நேரம் தடுமாறுவதே இதன் காரணம். தாய் தந்தையருக்குச் சிறு வயதில் வந்திருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும். ஜுரம் தொடங்கிய முதல் நாளிலேயே வருவது வழக்கம். சில சமயம் வலிப்பு வந்த பிறகுதான் ஜுரம் இருப்பதே தெரியும்.

அமெரிக்காவில் கரின் நெல்சன், ஜோனாஸ் எல்லென்பர்க் என்னும் ஆராய்ச்சியாளர்கள் ஜுர வலிப்புக் கண்ட 1,706 குழந்தைகளை ஏழு வயது வரை கவனித்து, 1976-லும் 1978-லும் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். வலிப்பினால் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. கை கால் விளங்காமற் போகவும் இல்லை. பிற்காலத்தில் காக்காய் வலிப்பு நோய் கண்டவர்கள் நூற்றுக்கு இருவர் அளவே. மூன்றில் ஒரு குழந்தைக்கு மற்றொரு ஜுரத்தில் மறுபடியும் வலிப்பு வரலாம். வயது ஏற ஏற அது தானே நின்றுவிடுகிறது.

அப்படியானால் கெடுதல் எங்கிருந்து வருகிறது? பல சமயங்களில் நம் கைகளிலிருந்தே வருகிறது. கிட்டிய பற்களுக்கிடையே கரண்டியைத் திணிக்கிறார்கள். பல் உடைந்து மூச்சுக் குழலுக்குள் போகலாம். வாயில் தண்ணீரும் மருந்தும் ஊற்றுகிறார்கள். அது நுரையீரலில் இறங்கிவிடலாம். இரும்புச் சாவியைக் கையில் அழுத்துவதால் பயன் ஏதும் இல்லை. சூடு போடுவதோ குழந்தைக்கு இழைக்கும் கொடுமை.

பாவில் இழை அறுந்தால் நெசவாளர் அதைப் பிடித்து இழுப்பதில்லை. தறியை நிறுத்தி, முனையைத் தேடி, நிதானமாக முடிகிறார். அந்த நிதானமே இங்கும் வேண்டும். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் தாமே வெளியே வழியும். கழுத்தை இறுக்கும் துணியைத் தளர்த்துங்கள். அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். உடனே கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வலிப்புகள் ஐந்து நிமிஷத்துக்குள் தாமே அடங்கும். ஐந்து நிமிஷம் தாண்டினால், 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கிவரும் 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்க வேண்டாம். நீடிக்கும் வலிப்பை நிறுத்த வைத்தியர்களிடம் நல்ல மருந்து உண்டு.

முதன்முறை வலிப்புக் கண்ட குழந்தையை, அது அடங்கிவிட்டாலும், அன்றே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். மூளைக் காய்ச்சலும் இதே உருவில் வரக்கூடும் என்பதே காரணம். ஒரே நாளில் இருமுறை வலிப்பு, உடலின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தல், வலிப்பு நின்றும் தெளியாத மயக்கம், கழுத்து விறைப்பு, உச்சிக்குழி வீங்குதல், மூச்சுத் திணறல், அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள் ஆகியவை கண்டால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு ஜுரம் வந்தாலே வைத்தியரிடம் செல்ல வேண்டும். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதன்முதலாக அரசாங்கம் அளிக்கத் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி, ஒருவகை மூளைக் காய்ச்சலையும் தடுக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

இனி, ஜுரத்தில் செய்யவேண்டிய உபசாரம். தர்மாமீட்டரில் 100.4 டிகிரியும் அதற்கு மேலும் ஜுரம் எனக் கொள்க. கம்பளி போர்த்தி ஜன்னலை அடைப்பது தவறு. மெல்லிய துணியும் காற்றோட்டமும் போதும். தாய்ப்பால், கஞ்சி, இளநீர் ஆகியவற்றைச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். பனிக்கட்டி நீரால் துடைத்தால் உடல் நடுங்கி ஜுரம் ஏறும். பாரசிட்டமால் குழந்தையின் அசதியைத் தணிக்கும். வலிப்பைத் தடுக்கும் என்று எண்ண வேண்டாம். அதன் அளவு எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்துக் கிலோக் குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம்; நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்; நாளொன்றுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. ஒரே அளவுப் புட்டியில் 125 மில்லிகிராம் மருந்தும் உண்டு, 250 மில்லிகிராம் மருந்தும் உண்டு. ஆதலால் 'ஒரு கரண்டி' என்னும் கணக்கு ஆபத்தானது. ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

இவற்றைத் தாயார் மட்டும் அறிந்தால் போதாது. அவர் குழாயடிக்குப் போன வேளையில் குழந்தையருகே இருப்பவர் பாட்டியாகவோ பத்து வயது அக்காவாகவோ இருக்கலாம். ஒருவர் குழந்தையை ஒருக்களித்து வைப்பது, ஒருவர் கடிகாரம் பார்ப்பது, ஒருவர் ஆம்புலன்ஸை அழைப்பது என்று வீட்டில் இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஜுரம் வருவதற்கு முன் பேசிய பேச்சே அந்த ஐந்து நிமிஷங்களில் துணை நிற்கும்.