இரண்டு சாவிப் பெட்டி

கடன் என்றால் என்னவென்று தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தந்தை வாங்கியதைப் பிள்ளை அடைத்த கதை எந்த லயத்திலும் உண்டு. நாட்டுக் கடனும் அப்படித்தான். கையொப்பமிடுபவர் இன்றைய தலைவர்; அடைப்பவர்கள் நாளைய பிள்ளைகள்.

2022இல் இலங்கை, வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று கையை விரித்தது. மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்றார்கள். தோட்டங்களில் கோதுமை மாவே எட்டாக்கனியாயிற்று.

தலைவர் ஒருவரே கஜானாவைக் காலி செய்துவிட்டால் என்ன செய்வது? இதற்காகச் சிங்கப்பூர் 1991இல் அரசியலமைப்பைத் திருத்தியது. முந்தைய ஆட்சிகள் சேர்த்த பணத்தை எடுக்க அமைச்சரவை விரும்பினால் மட்டும் போதாது. அதிபரும் இசைய வேண்டும். இரண்டு சாவி போட்ட பெட்டி அது!

2009இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது அமைச்சரவை அந்தப் பெட்டியைத் திறக்கக் கேட்டது. அப்போதைய அதிபர் எஸ். ஆர். நாதன் நம்மவர். 1930களில் ரப்பர் விலை வீழ்ந்தபோது கடன் சுமையால் தந்தையை இழந்த பிள்ளை அவர். 490 கோடி வெள்ளிக்கு இசைவு தந்தார். தொழிலாளரை நீக்காமல் வைத்துக்கொள்ள முதலாளிகளுக்குச் சம்பள உதவி கிடைத்தது. எடுத்தது சுமார் 400 கோடி. திருப்பி வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் 2011இல் அத்தொகையைத் திருப்பி வைத்தார்கள்.

ஓட்டுக் கேட்டு வருபவர் சலுகைகளை அடுக்கும்போது நாமும் கேட்போம்: “ஐயா, பணம் எங்கிருந்து வரும்? அடைக்கப் போவது யார்? இரண்டாவது சாவி யாரிடம்?”