மீனின் கண்ணுக்கு ஒரு பூச்சி

கல்வராயன் மலையில் முழங்கால் ஆழ ஓடை ஒன்றில் இறங்கி, தண்ணீருக்குள் கிடக்கும் கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் சப்பையாக ஒட்டிக்கொண்டு, வயிற்றின் இருபுறமும் செவுள்கள் படபடக்க, நீண்ட வால்முடிகளோடு ஒரு பூச்சி ஓடும். மேஃபிளையின் இளம்பருவம் அது. பாசி தின்று வளர்ந்து, ஒருநாள் மேலே வந்து தோலுரித்துச் சிறகு விரிக்கும். சிறகு வந்தபிறகும் இன்னொரு முறை தோலுரிக்கும் பூச்சியினம் இது ஒன்றுதான். முதல் சிறகு மங்கல், அடுத்தது கண்ணாடி. அதற்குப் பிறகு சாப்பாடே கிடையாது, வாய் வேலை செய்யாது. இணைசேர்ந்து முட்டையிட்டதும் கதை முடிந்தது. விளக்கைச் சுற்றும் ஈசலுக்கும் இதற்கும் உறவில்லை. ஈசல் கரையான் வகை.

இதே உருவத்தை இறகாலும் நூலாலும் தூண்டில் முள்ளில் கட்டி மீனை ஏமாற்றுவதுதான் ஃபிளை ஃபிஷிங். தமிழ்நாட்டில் அதற்குப் பேர்போன இடம் நீலகிரி. 1863-இல் ஃபிரான்சிஸ் டே அங்கே டிரவுட் மீனைக் கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார், மீன் நிலைத்தது. டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். அதனால் கல்வராயனில் பூச்சி உண்டு, டிரவுட் கிடையாது.

கட்டும் வேலைக்கு வருவோம். 14-ஆம் எண் முள்ளைச் சின்ன வைஸில் பிடித்து, மெழுகு தடவிய மெல்லிய நூலைச் சுற்ற வேண்டும். வாலுக்குப் பெயின்ட் பிரஷ்ஷின் நைலான் முடி இரண்டோ மூன்றோ போதும். அவை விரிந்து நிற்பதற்காக அடியில் ஒரு சுற்று நூல். உடலைத் தனியாகத் தையல் ஊசிமேல் செய்வார்கள். மெல்லிய ஃபோம் பட்டையை ஊசியோடு மடித்து, நூலால் இடைவெளி விட்டு இறுக்கினால் வயிற்றின் வளையங்கள் தெரியும். உண்மைப் பூச்சிக்குப் பத்து வளையம். பிறகு ஊசியை உருவிவிட்டு உடலை முள்ளில் கட்டுவார்கள். சிறகை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெட்டி நிமிர்த்தி வைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் சிறகு விறைப்பாக இருந்தால் வீசும்போது காற்றில் காற்றாடியாகச் சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடும். மேஜைமேல் ஜெயித்த பூச்சி ஆற்றில் தோற்பது இங்கேதான்.

கடைசியில் சேவலின் கழுத்து இறகைச் சுற்றுவார்கள். அதன் விறைத்த இழைகள்தான் பூச்சியின் கால்கள். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் மாசிடோனிய மீனவர்கள் சிவப்புக் கம்பளி நூலோடு சேவல் இறகு இரண்டைக் கட்டி மீன் பிடித்ததாக ரோமானிய எழுத்தாளர் ஏலியன் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் இறகுக்கென்றே சேவல் வளர்க்கும் பண்ணைகள் பெருகும்வரை, இந்தியச் சேவல் கழுத்துத் தோலுக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி. நம் காட்டுச்சேவலின் கழுத்தில் அரக்குப் பொட்டு வைத்ததுபோல் மின்னும் இறகுக்கு அதைவிட மவுசு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் அதைத் தொடவே கூடாது. வீட்டுச் சேவலே தாராளம்.

சரி, கண்ணும் கால் மூட்டும்வரை அச்சாகக் கட்டினால் மீன் மயங்குமா? மீன் கீழேயிருந்து பார்க்கிறது. ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், வெளியுலகம் முழுவதும் அதன் தலைக்கு மேலே ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். வட்டத்துக்கு வெளியே நீரின் மேற்பரப்பு அடிப்பக்கத்திலிருந்து கண்ணாடிதான். மிதந்துவரும் பூச்சியின் உடல் அந்தக் கண்ணாடி வழியே தெரியாது. கால்கள் நீர்த்தோலை அழுத்திய குழிகள் மட்டும் வெளிச்சப் புள்ளிகளாக முதலில் தெரியும். அருகே வரும்போது வட்டத்தின் விளிம்பில் சிறகின் நுனி எட்டிப்பார்க்கும். உடல் கடைசியில்தான். எனவே தத்ரூபம் என்பதை நான் அந்த வரிசையிலேயே எடைபோடுவேன்: முதலில் இறகிழைகள் பதிக்கும் குழி, அடுத்து சிறகின் நிழலுருவம், பிறகு அளவு. கண்ணுக்குக் கறுப்புப் புள்ளி வைப்பது கட்டுபவரின் சந்தோஷத்துக்கு.

ஆசை வந்துவிட்டதா? பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் நிரப்பி, கட்டிய பூச்சியை மிதக்கவிட்டு, பக்கவாட்டில் தாழக் குனிந்து நீர்மட்டத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குழிகள் தெளிவாகத் தெரியவில்லை என்றால் இறகை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள்.