பழைய பென்ஸ் வண்டியின் நோயும் மருந்தும்

மனித உடலுக்கும் இயந்திரத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. நோவு ஓரிடத்தில் தோன்ற, அதன் மூலம் வேறோரிடத்தில் மறைந்திருத்தல் இரண்டுக்கும் இயல்பு. நோயையும் அதன் காரணத்தையும் தெளிந்த பின்னரே சிகிச்சையில் இறங்க வேண்டும் என்பது திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வைத்தியனுக்கு வகுத்த நெறி. அந்நெறி கராஜில் வேலை செய்பவருக்கும், கராஜுக்குப் பணம் கொடுப்பவருக்கும் அப்படியே பொருந்தும்.

பழைய உயர்தரக் கார் வைத்திருப்போருள் பலர் இந்நெறியைத் தலைகீழாக்கி விடுகின்றனர். காலையில் வண்டி இயங்க மறுத்தால் பற்றறியை மாற்றுகின்றனர். அதனாலும் தீராவிடின் டீசல் பம்பியைக் கழற்றுகின்றனர். பணம் கரைந்த பின்னரும் நோய் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. ஈற்றில், இன்னும் பல்லாண்டு ஓடக்கூடிய வண்டி மாமரத்தின் கீழ்க் கிடந்து கறளேறுகின்றது. நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்து விடப்பட்டது. உள்ள வண்டியைப் பேணுவதன் அருமையை அவ்வைந்தாண்டுகள் பல குடும்பங்களுக்குக் கற்பித்தன.

ஒரு வண்டியை உதாரணமாகக் கொள்வோம். ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1976 இல் வெளியிட்ட 'டபிள்யூ 123' வரிசை ஏறத்தாழப் பத்தாண்டுகள் உற்பத்தியில் இருந்தது; சுமார் 27 இலட்சம் வண்டிகள் வெளிவந்தன. அவற்றுள் '300 டி' என்பது ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சின் பூண்டது. உறுதிக்குப் பேர்போன இவ்வண்டியும் நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இரும்பு தளரவில்லை, றப்பரே தளர்ந்தது. இதனை நினைவிற் கொண்டால் நோயறிதல் பாதி முடிந்ததாகும்.

முதலில் உருகியைப் பாருங்கள்

மழை நாளில் கண்ணாடி துடைப்பான் திடீரென நின்று, சிறிது நேரத்தில் தானே இயங்குகின்றது. ஒரு பக்க விளக்கு மங்குகின்றது. வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று யாரேனும் கூறினால், உடனே சம்மதிக்க வேண்டாம். இவ்வண்டியின் உருகிகள் சிறு குண்டு போன்ற வடிவின. இருமுனையும் கூர்மையாக உலோகத்தால் ஆனவை. அலுமினிய முனைகளில் நாளடைவில் வெண்ணிறப் பொருக்குப் படிந்து மின்னோட்டத்தைத் தடுக்கின்றது. உருகி அறுந்திராது, ஆனால் தொடுகை கெட்டிருக்கும். பற்றறி இணைப்பை அகற்றியபின், ஒவ்வோர் உருகியையும் அதன் இடத்திலேயே விரலால் சிலமுறை சுழற்றினால் பொருக்கு உதிரும். அதே அம்பியர் அளவுள்ள செப்புமுனை உருகிகளை வாங்கி மாற்றுதல் நிலையான பரிகாரம். அளவு கூடிய உருகியை இடுதல் மட்டும் ஆகாது. உருகி உருகாவிடின் வயர் எரியும்.

விடியற்காலைச் சோம்பல்

பெற்றோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்ற வைக்கின்றது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே தீ மூட்டுகின்றது. குளிர்ந்திருக்கும் எஞ்சினுக்கு உதவியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு 'ஹீற்றர் பிளக்' உண்டு.

மாணவர்கள் பாடசாலையிற் படிக்கும் தொடரிணைப்பும் சமாந்தர இணைப்பும் இங்கே கைகொடுக்கின்றன. இவ்வரிசையின் முற்பட்ட வண்டிகளில் பிளக்குகள் தொடரிணைப்பில் உள்ளன. ஒன்று அறுந்தால் ஐந்தும் குளிர்ந்துவிடும்; வண்டி இயங்க மறுக்கும். பிற்பட்டவற்றில் அவை சமாந்தரமாக இணைக்கப்பட்டன. ஒன்று அறுந்தால் மற்றை நான்கும் வேலை செய்யும். வண்டி இயங்கும், எனினும் முதற் சில கணங்கள் நடுநடுங்கிப் புகை கக்கும். ஆகவே நடுக்கமே ஒரு குறிப்பு. பிளக்குகளின் வயர்களைக் கழற்றி, 12 வோல்ற்றுச் சோதனை விளக்கின் ஒரு நுனியைப் பற்றறியின் நேர் முனையிலும் மறு நுனியைப் பிளக்கின் தலையிலும் வைக்குக. விளக்கு எரியாத பிளக் அறுந்தது.

பிளக்குகள் யாவும் நல்லவையாயின், அடுத்துப் பார்க்க வேண்டியது வால்வு இடைவெளி. நாளடைவில் வால்வுகள் தம் இருக்கையில் தேய்ந்து அமிழ்வதால் இடைவெளி குறைகின்றது, வால்வு முற்றாக மூடாது, அழுத்தம் கசிகின்றது. ரர்போ இல்லாத 300 டி எஞ்சினில், அது குளிர்ந்திருக்கையில் உள்வாங்கும் வால்வுக்கு 0.10 மி.மீ., வெளியேற்றும் வால்வுக்கு 0.30 மி.மீ. இடைவெளி வேண்டும். ஒரு காலைப் பொழுதில் முடியும் இவ்வேலையைச் செய்யாது டீசல் பம்பியைக் கழற்றுதல், பசியால் வாடுபவனுக்குச் சத்திர சிகிச்சை செய்வது போன்றதே.

கதவில் நோய், எஞ்சினில் நோவு

சாவியைத் திருப்பி எடுத்த பின்னும் எஞ்சின் நிற்காமல் ஓடுகின்றது. காண்போர் திகைப்பர். இதன் காரணம் பெரும்பாலும் எஞ்சினில் இல்லை. பின் கதவொன்றின் பூட்டில் இருக்கலாம்!

பெற்றோல் எஞ்சின் மூச்சிழுக்கும் வழியை ஒரு தடுப்பு மறிப்பதால் அங்கே வெற்றிடம் உண்டாகின்றது. இந்த டீசல் எஞ்சினில் அத்தடுப்பு இல்லை. ஆகவே எஞ்சினின் முன்புறத்தில் வெற்றிடப் பம்பி ஒன்றைப் பொருத்தி, அதைக்கொண்டே பல வேலைகளை நடத்தினர். பிறேக்குக்குத் துணைபுரியும் பூஸ்ரர், மத்திய பூட்டு உள்ள வண்டிகளில் கதவுப் பூட்டுகள், சாவியைத் திருப்பியதும் டீசலை மறித்து எஞ்சினை நிறுத்தும் சிறு கலம் ஆகிய யாவும் ஒரே பம்பியின் பிள்ளைகள். கதவுக்குள் இருக்கும் றப்பர் மென்றகடு ஒன்று வெடித்தால் வெற்றிடம் அவ்வழியே ஒழுகுகின்றது. நிறுத்தும் கலத்துக்குப் போதிய வலிமை கிட்டாது.

கண்டறிதல் எளிது. முதலில் எஞ்சினின் மேலுள்ள 'ஸ்ரொப்' என்னும் நெம்பை அழுத்தி எஞ்சினை நிறுத்துக. பின்பு கதவுப் பூட்டுகளுக்குச் செல்லும் கிளைக்குழாயைக் கழற்றி, அது பிரியும் வாயை இறுக அடைத்து, எஞ்சினை மீண்டும் இயக்கிச் சாவியைத் திருப்புக. இப்போது எஞ்சின் உடனே நின்றால் குற்றவாளி பூட்டுக் கிளையில் உள்ளான். ஒவ்வொரு கதவாகப் பிரித்துச் சோதித்தால் அவன் அகப்படுவான். மாற்ற வேண்டியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு றப்பர்த் துண்டு மட்டுமே. கிளையை அடைத்தும் நிற்காவிடின் நிறுத்தும் கலத்தையும் சாவிப் பூட்டின் பின்னுள்ள வால்வையும் ஆராய்தல் வேண்டும்.

வெற்றிடப் பம்பியிலிருந்து தட்டும் ஓசை கேட்டாலோ, பிறேக் மிதி கல்லாக இறுகினாலோ வண்டியை ஓட்டலாகாது. பம்பியின் உடைந்த துண்டுகள் எஞ்சினுள் விழுந்தால் எஞ்சினே பாழாகும்.

கொதிப்பு எப்போது ஏறுகின்றது?

வண்டி கொதிக்கின்றது என்றால் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எப்போது?" என்பதே. சன நெரிசலில் மெல்லச் செல்லும்போது மட்டும் கொதித்தால் விசிறியை ஐயுறுக. நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது கொதித்தால் றேடியேற்றர் அடைபட்டிருத்தல் கூடும். விரைவில் செல்லும் வண்டிக்குக் காற்றே விசிறி அன்றோ?

வெப்ப நாட்டுக்கு வேண்டாம் என்று தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியும் வழக்கம் சிலரிடம் உண்டு. இவ்வெஞ்சினில் அது பெருந்தீங்கு. 80 பாகையளவில் திறக்கும் தேர்மோஸ்ரற், றேடியேற்றருக்குச் செல்லும் வழியைத் திறக்கும் அதே வேளையில், அதனைச் சுற்றிச் செல்லும் குறுக்கு வழியை மூடுகின்றது. அதனைக் கழற்றினால் சுடுநீரின் ஒரு பகுதி றேடியேற்றரைக் காணாமலே எஞ்சினுக்குத் திரும்புகின்றது. குளிர்விக்கச் செய்த காரியம் கொதிப்பையே கூட்டும். சூடாயிருக்கையில் மூடியைத் திறத்தல் கூடாது என்பதைச் சிறுவர்க்கும் சொல்லி வைத்தல் நன்று.

உயிரைக் காக்கும் குழாய்

இதுவரை கூறியவை பணத்தைப் பற்றியவை. இனிக் கூறுவது உயிரைப் பற்றியது. பிறேக்கை மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும், ஓடி நின்றபின் ஒரு சில்லு மட்டும் மற்றவற்றிலும் சூடாக இருந்தாலும் அலட்சியம் செய்யலாகாது. பழைய றப்பர்க் குழாய் வெளியே நன்றாகத் தோன்றும். உள்ளே வீங்கி வழி சுருங்கியிருக்கும். காலின் அழுத்தத்தால் எண்ணெய் உட்செல்லும், திரும்பி வரமாட்டாது.

வண்டியைத் தாங்கிகளில் உறுதியாக நிறுத்தி, சிக்கிய சில்லின் கலிப்பரில் காற்று வெளியேற்றும் திருகாணியைச் சிறிது தளர்த்துக. சில்லு விடுபட்டால் எண்ணெய் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்பது தெளிவு. குழாயை முதலில் ஐயுறுக. விடுபடாவிடின் கலிப்பரின் பிஸ்ரன் இறுகியுள்ளது. குழாய்களை இடமும் வலமும் சோடியாகவே மாற்றுதல் வேண்டும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் அதனை மாற்றுக. இவ்வேலையைப் பயின்ற கைகளிடமே ஒப்படைத்தல் அறிவுடைமை.

தீராத நோய்

எந்நோய்க்கும் மருந்து உண்டு என்று நாம் கூற வரவில்லை. எஞ்சினும் பிறேக்கும் திருத்தத்தக்கவை. உடற்சட்டத்தை அரித்த கறள் அத்தகையதன்று. ஜாக்கி வைக்கும் இடங்கள், சில்லு வளைவுகள், பின் கண்ணாடியின் அடிப்புறம், பற்றறியின் கீழ்த்தட்டு ஆகியவற்றை ஆண்டுதோறும் பாருங்கள். மழைநீர் வடியும் துவாரங்களில் சருகு அடையாமற் காத்தாலே கறளின் ஒரு பங்கு குறையும். ஜாக்கி வைக்கும் இடம் கையழுத்தத்துக்கே நொறுங்குமாயின், எஞ்சினுக்குச் செலவிடும் முன் வண்டியைத் துறப்பதே குடும்பத்துக்கு நன்மை.

வண்டிக்குள் ஒரு கொப்பி வைத்திருங்கள். கோளாறு எப்போது தோன்றியது, குளிரிலா சூட்டிலா, மெல்லச் சென்றபோதா விரைந்தபோதா என்பவற்றைத் திகதியுடன் எழுதுங்கள். வீட்டிலுள்ள மாணவனிடமே இப்பணியை ஒப்படைக்கலாம். "வண்டி சரியில்லை" என்று கூறுபவரிடம் கராஜ்காரர் பாகங்களை மாற்றுவார். "சாவியை எடுத்தபின் எஞ்சின் நிற்கவில்லை, பின் கதவும் பூட்டுப்படவில்லை" என்று கூறுபவரிடம் அவர் காரணத்தைத் தேடுவார். பாகத்துக்கு விலை பல்லாயிரம் ஆகலாம். கொப்பியின் விலை மிகச் சிறிது.