மைதானத்தின் பங்குகள்

தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் எலக்ட்ரிக் டிரெயினில் நாலு பையன்கள் போனில் குனிந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். "டைம்பாஸ் இல்லண்ணா, டோர்னமெண்ட் பிராக்டிஸ்" என்றான் ஒருவன்.

சடுகுடுவுக்கு முதலாளி கிடையாது. கோடு கிழித்தால் ஆட்டம். இங்கே ஆட்டமே தனியுடைமை. அவர்கள் ஆடிய பி.ஜி.எம்.ஐ., கிராஃப்டன் என்னும் கொரிய நிறுவனத்தின் சொத்து. அந்நிறுவனம் 2021 ஆகஸ்டில் பங்குச்சந்தையில் பட்டியலானது. இத்தகைய போட்டிகளை நடத்தும் நாட்வினில் 2018லேயே பெரும்பங்கை வாங்கியிருந்தது மும்பையின் நசாரா. 2021 மார்ச்சில் நசாராவின் பங்குகள் தலா 1101 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தன. பங்குதாரர் விலை கொடுப்பது எதற்கு? பையன்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களுக்கு என்பேன். அவைதாம் விளம்பரதாரரிடம் விற்பனையாகின்றன. ஆடுகிறவனின் உழைப்புக்கு உழைப்பு என்று பேர்கூட இல்லை.

2022 ஜூலையில் அரசு உத்தரவால் பி.ஜி.எம்.ஐ. ஆப் ஸ்டோர்களிலிருந்து மறைந்தது. திரும்பி வர 2023 மே ஆயிற்று. பங்கு வைத்திருப்பவர் விற்றுவிட்டு வேறு கம்பெனிக்குப் போகலாம். பையன் தன் கைவந்த வித்தையை எங்கே கொண்டுபோவான்? அந்தத் துப்பாக்கியின் உதறல் அந்த நிலத்தில் மட்டுமே செல்லும். தறி பறிபோனாலும் நெசவாளிக்கு நெசவு மிஞ்சும், இவனுக்கு அதுவுமில்லை.

"அப்ப என்னா பண்ணீங்க தம்பி?"

"கேரம் ஆடுனோம்ணா."

குரோம்பேட்டையில் இறங்கிவிட்டார்கள்.